கல் பாவிய முகப்பிலிருந்து ஜியோஜீப்ரா வரை: ஏழு ஆண்டு வரைபடப் பாடம்

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், பழைய வீடொன்றின் முகப்பில், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நேரிய, இருபடி வரைபடங்களுக்காக ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001-இல் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாக் கருவி நம் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பகுதிகளிலும் இடம்பெற்றிருப்பதால், கணக்கு ஆசிரியர்களுக்கு அதைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை எந்த நாளில் திறக்க வேண்டும் என்பது பற்றியே எழுத நினைக்கிறேன்.

முதல் ஆண்டில் முதல் நாளே திறந்தேன். சமன்பாட்டைத் தட்டியதும் வளைவரை வந்து நின்றது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். அடுத்த தேர்வில் பாதிப் பேருக்கு ஒய் அச்சில் எத்தனை அலகுகளை ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்குவது என்று தெரியவில்லை. அளவுத்திட்டத்தை மென்பொருள் தானே முடிவு செய்துவிடுவதால், முடிவு செய்ய வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்பதே அவர்கள் கண்ணில் படாமல் போயிருந்தது. பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் பெறும் வினாவில் இது சிறிய இழப்பு அன்று.

அதன்பின் தரைக்கு வந்தேன். முகப்பில் பாவிய ஆத்தங்குடிக் கற்களின் இணைப்புக் கோடுகள் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஓடுகின்றன. அவற்றுள் இரண்டின் மேல் சுண்ணக்கட்டியால் தடித்த கோடு இழுத்தால் அச்சுகள் தயார். கோடுகள் சந்திக்கும் இடங்களில் புளியங்கொட்டை வைத்து ஒன்பதாம் வகுப்பினர் புள்ளிகளைக் குறிக்கிறார்கள். எடுத்துக்காட்டு ஊர்ப் பலகாரம்தான்: ஒரு கிலோ சீப்புச் சீடை 400 ரூபாய், வெளியூருக்கு அனுப்பும் கூலி எடை எதுவானாலும் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கோடு ஆதிப்புள்ளியில் தொடங்காமல் 80-இல் தொடங்குவது ஏன், ஒவ்வொரு கிலோவுக்கும் 400 ஏறுவதுதான் சாய்வு என்பது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. ஒய் அச்சில் ஒரு கல் எத்தனை ரூபாய் என்பதை அவர்களே பேசி முடிவு செய்தாக வேண்டும். கோட்டை இடப்பக்கம் நீட்டிய ஒருவனிடம் பக்கத்திலிருந்தவள், “கழித்தல் ஒரு கிலோ சீடையை எந்த டப்பாவிலடா போடுவாய்?” என்று கேட்டதை இன்றும் வகுப்பில் சொல்வதுண்டு.

இருபடிக்கு வந்தால் தரை போதாது, வரைபடத்தாள் வேண்டும். எக்ஸ்² + எக்ஸ் – 12 என்பதை எடுத்துக்கொண்டு, –5 முதல் 4 வரை அட்டவணை போடச் சொல்கிறேன். 8, 0, –6, –10, –12, –12, –10, –6, 0, 8 என்று எந்த முனையிலிருந்து படித்தாலும் ஒரே வரிசை வரும். –3-இன் வர்க்கத்தை –9 என்று எழுதியவனுக்கு அந்த இடத்தில் வரிசை உடைந்துவிடும். தவறைக் கண்டுபிடிக்க நான் தேவையில்லை. அடுத்த இடர் அடிப்பகுதியில் இருக்கிறது. –1-இலும் 0-விலும் மதிப்பு –12 என்பதால், பெரும்பாலோர் அவ்விரு புள்ளிகளையும் அளவுகோல் வைத்துச் சேர்த்து, அடி தட்டையான சட்டி ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். –½-க்கு மதிப்பைக் கணக்கிட்டு –12.25 என்று கண்டபிறகே கை வளைகிறது. இதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியைக் குறைக்க நான் முயல்வதில்லை.

தாளில் இரண்டு படங்கள் முடித்த பிறகுதான் மடிக்கணினி. எக்ஸ்²-இன் கெழுவுக்கு, அதாவது அதன் முன்னுள்ள எண்ணுக்கு, நகர்த்தி (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை) ஒன்றை அமைத்து, அந்த மதிப்பை 1-இலிருந்து மெல்லச் சுழியத்துக்குக் கொண்டுவரும்போது, பரவளையம் அகன்று அகன்று, சுழியத்தில் ஒரு நேர்க்கோடாகி, அதையும் தாண்டியதும் கவிழ்ந்துகொள்கிறது. நேரியதும் இருபடியும் தனித்தனிப் பாடங்கள் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் அந்தக் கணத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எத்தனை தாள் செலவழித்தாலும் என்னால் இதைக் காட்டியிருக்க முடியாது. ஏழு ஆண்டுகளாக இந்த மென்பொருளை வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

குறைகளும் உண்டு. தாளில் வரைந்த எக்ஸ்² + எக்ஸ் – 12 வளைவரையைக் கொண்டே எக்ஸ்² – 9 = 0-வைத் தீர்க்கச் சொன்னால், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து ஒய் = எக்ஸ் – 3 என்ற கோட்டைப் பெற்று, அது வளைவரையை (3, 0), (–3, –6) ஆகிய புள்ளிகளில் வெட்டுவதைக் காண வேண்டும். அப்புள்ளிகளின் எக்ஸ் மதிப்புகளே மூலங்கள். மென்பொருளோ புதிய சமன்பாட்டை நேரே தட்டினாலே அவற்றைக் காட்டிவிடுகிறது. கழித்தலில் குறி மாறும் தவறு தாளில் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் கோட்டின் சமன்பாட்டைக் கையால் கண்டுபிடித்து வந்தவரை மட்டுமே விசைப்பலகைப் பக்கம் விடுகிறேன். கைப்பேசியில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். சிறிய திரையில் விரல் பட்டதும் தளமே நகர்ந்து, ஆதிப்புள்ளியைத் தேட வேண்டியதாகிறது. மடிக்கணினியில் நிறுவிய பதிப்பு இணையம் இல்லாமலே இயங்குவதால், மின்சாரம் போன மாலைகளிலும் மின்கலம் உள்ளவரை வகுப்பு நிற்பதில்லை.

புதிதாகத் தொடங்குவோர், அச்சுகளின் விகிதத்தைப் பிள்ளைகளின் தாளில் உள்ள அளவுத்திட்டத்துக்கு ஒத்ததாக முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. மாற்றாமல் விட்ட ஓர் ஆண்டில், திரையில் ஒடுங்கியும் தாளில் அகன்றும் தெரிந்த ஒரே பரவளையத்தை இரு வேறு சமன்பாடுகள் என்று மூன்று பேர் சாதித்தார்கள்.