பட்டை 100% காட்டியது, வீடியோக்கள் போய்விட்டன

பேக்கப் எடுப்பதற்காக ஒரு சிறிய டெஸ்க்டாப் மென்பொருளைப் பணம் கொடுத்து எழுதி வாங்கினேன். நீங்களும் யாரிடமாவது அப்படி எழுதி வாங்குவதாக இருந்தால், மீதித் தொகையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கேட்டது இவ்வளவுதான்: ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அதை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்க வேண்டும், எவ்வளவு முடிந்திருக்கிறது என்று ஒரு புரோகிரஸ் பாரில் தெரிய வேண்டும். வந்தது பார்க்க அழகாகவே இருந்தது. பச்சைப் பட்டை கொஞ்சமும் தயங்காமல் நகரும். 100% தொட்டதும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று ஒரு பெட்டி வரும். சின்ன ஃபோல்டருக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கோப்பையும் சரிபார்க்கிறது போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நகலெடுத்தவை எல்லாம் சரியாகத் திறந்ததால் நம்பிக்கையும் வந்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் குடும்ப வீடியோக்கள் அத்தனையும் இருந்த ஃபோல்டரைக் கொடுத்தேன். 180 ஜிபி. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் ‘முடிந்தது’. மென்பொருளை மூடினேன், கணினியில் இடம் வேண்டுமே என்று மூலக் கோப்புகளை நிரந்தரமாக அழித்தேன். மறுவாரம் ஹார்ட் டிஸ்கைத் திறந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அப்பா பேசும் ஒரு வீடியோ பாதியில் அறுந்து கிடந்தது. அதைத் திறக்கவே முடியவில்லை.

மென்பொருளின் சோர்ஸ் கோடும் (மூல நிரல்) என்னிடம் இருந்ததால் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். விண்டோஸுக்கு டெஸ்க்டாப் மென்பொருள் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதியது. பட்டையின் மேக்ஸிமம், அதாவது 100% என்று காட்டும் அளவு, 1000. ஸ்டெப், அதாவது ஒரு தடவையில் நகரும் அளவு, 1. பக்கத்தில் ஒரு டைமர், இன்டர்வல் 600 மில்லிசெகண்ட். டைமர் துடிக்கும் ஒவ்வொரு முறையும் பெர்ஃபார்ம்ஸ்டெப், அதாவது பட்டையை ஒரு ஸ்டெப் நகர்த்தும் கட்டளை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 600 விநாடி, சரியாகப் பத்து நிமிடம். நகலெடுக்கும் வேலை, பின்னணியில் வேலை செய்யும் பேக்கிரவுண்ட்வொர்க்கர் என்ற பகுதியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டைக்கும் அதற்கும் ஒரு வரிகூடத் தொடர்பில்லை. அந்த வேலை ஓடுவது பின்னணி இழையில் (மென்பொருள் மூடினால் கூடவே நின்றுவிடும் துணை ஓட்டம்) என்பதால், நான் மென்பொருளை மூடியதும் அதுவும் அப்படியே செத்துவிட்டது. சின்ன ஃபோல்டர்களை நகலெடுக்கும் வேலை, பட்டை 100% தொடும் முன்பே முடிந்துவிட்டதால் இத்தனை நாள் குட்டு வெளிப்படவில்லை.

எழுதியவரைக் கேட்டேன். “ஏதோ ஓடுகிற மாதிரி தெரிந்தால் போதும் சார், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று தெரியாத வேலைக்கு அதே புரோகிரஸ் பாரில் மார்கீ என்ற ஸ்டைல் இருக்கிறது. பட்டையில் ஒரு துண்டு ஓடிக்கொண்டே இருக்கும், சதவீதம் எதையும் காட்டாது. அது நேர்மையானது. சதவீதம் காட்டத்தான் வேண்டுமென்றால், எத்தனை பைட் எழுதப்பட்டது என்று எண்ணி, வொர்க்கரின் ரிப்போர்ட்புரோகிரஸ் என்ற கட்டளை வழியாகப் பட்டைக்கு அனுப்பலாம். அதற்கு வொர்க்கர்ரிப்போர்ட்ஸ்புரோகிரஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று மாற்றி, புரோகிரஸ்சேஞ்ச்ட் நிகழ்வில் பட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துச் சதவீதம் போடுவதும் சரிவராது. ஆயிரம் படங்களோடு ஒரு பெரிய வீடியோ இருந்தால், 99% வந்த பிறகு அந்த ஒன்றுக்காகவே நெடுநேரம் பட்டை நிற்கும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். காலி ஃபோல்டரைக் கொடுங்கள். உடனே முடிய வேண்டும், என்னுடையது அதற்கும் பத்து நிமிடம் ஓடியது. பெரிய ஃபோல்டரைக் கொடுத்து, முடிந்தது என்று வந்ததும் இரண்டு பக்கமும் மொத்த அளவை ஒப்பிடுங்கள். கடைசியாக, முக்கியமில்லாத கோப்புகளை மட்டும் வைத்து, பாதியில் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். பட்டை நின்று பிழைச் செய்தி வர வேண்டும்.

இந்த மூன்றாவது சோதனையை நான் தாமதமாகத்தான் செய்தேன். கேபிள் என் கையில் இருந்தது. பட்டை 62, 63, 64 என்று போய்க்கொண்டே இருந்தது.