பொரேகோ பாலைவன நைட் வாக்: சைட்வைண்டர் பாக்க ஆசைன்னா தாராளமா போங்க

போன மே மாசம் கலிஃபோர்னியா ஆன்சா-பொரேகோ பாலைவனத்துல கைடோட ஒரு நைட் வாக் போனோம். சைட்வைண்டர் ரேட்டில்ஸ்நேக்க, அதாவது மணல்ல பக்கவாட்டா நகர்ற, வால்ல கிலுகிலுப்பை இருக்கற விஷப்பாம்ப, நேர்ல பாக்கணும்னு எனக்கு ரொம்ப வருஷத்து ஆசை. பாம்பு கண்டிப்பா காட்றேன்னு கைடு வாக்கு குடுக்கல, அதுவே எனக்குப் பிடிச்சுது.

முதல் ஒரு மணி நேரம் வெறும் பாம்புத் தடம்தான். ஆனா அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு. மணல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சாய்வா, முனையில கொக்கி வளைஞ்ச மாதிரி கோடு கோடா கிடக்கு. கைடு குனிஞ்சு டார்ச்ச தரையோட தரையா சாய்ச்சுப் பிடிச்சாரு, கோட்டுக்குள்ள வயித்துச் செதில் பதிஞ்ச வரி கூட தெரிஞ்சுது! நகரும்போது எந்த நேரமும் பாம்போட உடம்புல ரெண்டு இடம் மாதிரிதான் மணல்ல படுமாம், மத்தத தூக்கிக்கும், அதனால சறுக்கறதில்ல, மணல்மேடு செங்குத்தாக ஆக இன்னும் கொஞ்சம் நீளத்த பதிச்சுக்கும், 2014ல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆளுங்க இத அளந்து பாத்து பாம்பு ரோபோவ மேடேற வெச்சிருக்காங்க. நம்மூர் சுருட்டை விரியனும் இப்படி பக்கவாட்டுல போகும்.

அப்புறம் ஒரு கிரியோசோட் செடி அடியில ஒண்ணு இருந்துச்சு. சுருண்டு, முதுகு மணல் மட்டத்துக்கு வர்ற மாதிரி புதைஞ்சு, மொத்தமே என் உள்ளங்கை அகலம்தான். கண்ணுக்கு மேல ரெண்டு கொம்பு மாதிரி செதில். பெருசானாலே ரெண்டரை அடிதான், பொண்ணுதான் ஆண விட பெருசு. கங்காரு எலி வர்ற வரைக்கும் அப்படியே அசையாம கிடக்குமாம். குட்டிங்க வால் நுனிய புழு மாதிரி ஆட்டி பல்லிய கிட்ட வரவழைக்கும். பொறந்த புதுசுல ஒரு வாரம் போல அம்மாவோட வளையிலயே இருந்து, வாசல்ல எல்லாம் ஒண்ணா அடைஞ்சு கிடந்து உடம்புச் சூட்ட சரிபண்ணிக்குமாம், இதக் கேட்டப்போ எனக்கு மனசே நெகிழ்ந்துடுச்சு.

கிலுகிலுப்பைய எண்ணி வயசு சொல்லலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. முடியாது. ஒவ்வொரு தடவ சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் சேரும், வருஷத்துல எத்தன தடவ உரிக்கும்னு கணக்கில்ல, பழசு உடைஞ்சும் போகும்.

கைடு யாரையும் ஆறடிக்கு உள்ள விடல, கம்பால சீண்டவும் இல்ல, பாம்பு ஒரு தடவ கூட கிலுக்கல. அவருக்கு முழு மார்க்.

குறைன்னா புக்கிங் ஆஃபீஸ்தான். மூடின ஷூ கட்டாயம்னு மெயில்ல ஒரு வார்த்தை போடல, செருப்போட வந்த ஒரு அம்மாவ வேன்லயே உக்கார வெச்சுட்டாங்க, பாவம், அவங்களும் சான்டியாகோலருந்து ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்தவங்க. அவங்களுக்குக் காசத் திருப்பித் தரணும்னு நான் எழுதியும் கேட்டிருக்கேன்.