மட்டக்களப்பு கல்லடி மெத்ஸ் கிளாஸ், ஓஎல் பிள்ளைகளுக்கு

மகள் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப்போறா, மெத்ஸ்ல எஸ், அதான் ஆகக்குறைஞ்ச பாஸ், எடுக்கவே 35 மார்க்ஸ் வேணும், அதுக்கே தட்டுத்தடுமாறிட்டு இருந்தவ. முந்திப் போன கிளாஸ்ல மார்க்ஸ எல்லாருக்கும் முன்னால சத்தமா வாசிப்பாங்க, அதோட பிள்ளை கேள்வி கேக்கிறதையே விட்டுட்டா. இப்ப கல்லடிப் பாலம் தாண்டி ஒரு சேர் வீட்டு வளவுக்குள்ள நடத்துற சின்ன கிளாஸுக்கு விடுறம், உண்மையாச் சொல்றன் அருமையான மனுசன். பேப்பர் திருத்தினா சும்மா பிழைன்டு கீறி விடமாட்டார், கணக்கு எந்த வரியில பிழைச்சதோ அதுல கோடு போட்டு "இவ்வளவும் சரி மகள், இதுக்குக் கீழ மட்டும் திரும்பச் செய்ங்க"ன்டு எழுதியிருப்பார், ஓஎல்ல படிமுறைக்கும் மார்க்ஸ் இரிக்கிதானே, அதால பிள்ளைக்கும் தன்ட மார்க்ஸ் எங்க போகுதுன்டு விளங்குது. இப்ப அவவே கையத் தூக்கிக் கேள்வி கேக்கிறாவாம்! ஏசமாட்டாரான்டா, ஹோம்வேர்க் செய்யாட்டி நல்லா ஏசுவார், ஆனா தனியாக் கூப்பிட்டுத்தான். தகரக் கொட்டில், மத்தியானத்துல சரியான வெக்கை, இன்னொரு ஃபேன் போட்டா நல்லம். மெத்ஸுக்குப் பயந்த பிள்ளைகள் இருந்தா யோசிக்காமக் கொண்டு விடுங்க, தவணை தொடங்க முதல் சொன்னாத்தான் இடம் கிடைக்கும்.