வீதி மூடப்படும் நாளில் யாரை அழைப்பது? தனியார் பங்காளர் வரைபடச் சேவையொன்றின் மதிப்பாய்வு

ஹட்டனை அண்டிய தோட்டங்களில் இயங்கும் எமது அனர்த்த முன்னாயத்தக் குழுவுக்காக, கொழும்பிலுள்ள ஆலோசனை நிறுவனமொன்று தனியார் துறைப் பங்காளர் வரைபடமொன்றைத் தயாரித்துத் தந்தது. அனர்த்த இடர் முகாமைத்துவத்தில் எந்த நிறுவனத்தை, எந்தப் பணிக்காக, எந்தக் கட்டத்தில் இணைத்துக்கொள்ளலாம் என்று தேடி வகைப்படுத்துவதே அச்சேவை. கட்டணத்தை உதவி நிறுவனமொன்று ஏற்றுக்கொண்டதால் விலை பற்றி நான் எதுவும் கூறவில்லை. இதே சேவையைப் பெற எண்ணும் மலையகக் குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் எமது அனுபவத்தை எழுதுகிறேன்.

இதன் தேவையை எமக்கு உணர்த்தியது 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்நாட்களில் மலையக வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. கொழும்பில் நிவாரணப் பொருட்கள் குவிந்திருந்தாலும் அவை மேலே வந்துசேரும் வரை அருகில் இருப்பவர்களை நம்பியே நாம் இருக்க வேண்டும் என்பது அப்போது விளங்கியது. ஆகவே யார் பணம் தருவார் என்பதைவிட, வீதி மூடப்பட்ட முதல் நாளில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதையே இந்த வரைபடம் சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தோம்.

அந்த அளவுகோலில் முதற்பகுதி நன்றாகவே அமைந்துள்ளது. அனர்த்தத்துக்கு முன், அனர்த்த வேளை, மீள்கட்டமைப்பு என மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறுவனங்களின் தொழில் திறனை முன்வைத்துள்ளனர். டயலொக் நிறுவனம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் இணைந்து 2009இல் தொடங்கிய கைத்தொலைபேசி முன்னெச்சரிக்கை வலையமைப்பை அவர்கள் உதாரணமாக எடுத்தது பொருத்தமானது. ஒரு நிறுவனம் தனது அன்றாடத் தொழிலையே மக்கள் பாதுகாப்புக்குத் திருப்பிய முயற்சி அது. உலர் உணவுப் பொதி வழங்கும் ஒளிப்படங்களை விட அதன் பயன் ஆழமானது.

ஆனால் பெருந்தோட்டக் கம்பனிகளை வங்கிகளோடும் பல்பொருள் அங்காடிகளோடும் ஒரே நிரையில் ‘நன்கொடை அளிக்கக்கூடியோர்’ எனக் குறித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது முதல், எமது மக்கள் குடியிருக்கும் லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளும் அவற்றின் மேலுள்ள சரிவும் கீழுள்ள வடிகாலும் அக்கம்பனிகளின் நிர்வாகத்துக்குட்பட்ட காணியிலேயே உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதை அறிந்த எவரும் தோட்ட நிர்வாகத்தைக் கொடையாளர் பட்டியலில் எழுதமாட்டார்கள். இடரைக் குறைக்கும் பொறுப்பிலேயே பங்குள்ள தரப்பு அது. வரைபடத்தில் அதற்குத் தனி இடமும் தனிக் கேள்விகளும் தேவை.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் மிக எளிதானது மழைமானி பற்றியது. பல தோட்டங்களில் நாளாந்த மழைவீழ்ச்சியை அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையோ 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழை 75, 100, 150 மில்லிமீற்றர்களைக் கடப்பதை அடிப்படையாகக் கொண்டு மூன்று நிலைகளாக உயர்கிறது. கணக்கப்பிள்ளை எழுதும் அந்த எண் அன்றிரவே லயனுக்குத் தெரிந்தால் ஒரு குடும்பம் நேரத்தோடு வெளியேறலாம். ஒரு சதமும் செலவில்லாத இந்தப் பங்களிப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

சிறு வணிகரும் அநேகமாக விடுபட்டுள்ளனர். நகரத்து பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) உரிமையாளர், தண்ணீர் பவுசர் வைத்திருப்பவர், பேக்கரி, பாமசி, பெற்றோல் ஷெட் ஆகியோரே முதல் நாளின் உண்மையான பங்காளர்கள். எரிபொருள் நிலையமொன்றை மட்டும் நேரில் சென்று கண்டு, மின்சாரமில்லாத வேளை பம்பை இயக்க ஜெனரேட்டர் உண்டா என்று விசாரித்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு பக்கம் அறிக்கையிலேயே சிறந்தது. எஞ்சியவர்களையும் அவ்வாறே அணுகியிருக்கலாம். தொடர்பு எண்களைச் சோதிக்க ஒரு ஞாயிறு காலை நாங்கள் அழைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை தலைமையகங்களின் பொது எண்கள், எவரும் எடுக்கவில்லை. மண்சரிவு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க, சிங்களத்தில் ஒரு சுருக்கமும் தமிழில் அட்டைத் தலைப்பும் மட்டுமே கிடைத்தன. நள்ளிரவில் அதைக் கையிலெடுக்கப் போகிறவர்கள் தோட்டத் தலைவர்களும் கோயில் பரிபாலன சபையினரும் இளைஞர்களுமே என்பது ஆரம்பக் கூட்டத்திலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது. இக்குறையை நான் சிறிதாகக் கருதவில்லை.

முறையியலைக் கற்றுக்கொள்ள விரும்பும் குழுக்களுக்கு இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் தமிழ்ப் பிரதி, இரவிலும் பதிலளிக்கும் இரு எண்கள், ஆண்டுதோறும் புதுப்பித்தல் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள். நாங்கள் குறைகளை எழுத்தில் அனுப்பியபின் தமிழ்ப் பிரதிக்கு மட்டும் இணங்கியுள்ளனர். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் பெக்கோ, பவுசர் உரிமையாளர்களை எமது குழுவே கடை கடையாகச் சென்று பதிவுசெய்கிறது. மழைமானிப் பதிவை நாள்தோறும் லயன்களுக்கு அறிவிக்குமாறு கேட்கும் கடிதத்தையும் தோட்டத் துரையிடம் கையளித்திருக்கிறோம்.