மகன் சிங்கப்பூரில், கேமரா மஞ்சக்குப்பத்தில்

இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், தலை சுழலும் வைஃபை கேமராவைப் பற்றிய விமர்சனம் இது. பூட்டிய வீட்டுக்குத் திருட்டு பயத்தில் வாங்குவது வேறு கணக்கு. அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் வீட்டு ஹாலில் வைக்க இது தேறுமா என்பதுதான் இங்கே கேள்வி. கடலூர், புதுச்சேரிக்குப் பொங்கலுக்கு வந்த பிள்ளைகள் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் அவசரமாக மாட்டிவிட்டுப் போகும் பொருள் இது. பெட்டி கட்டும்போது வரும் குற்ற உணர்ச்சியில் எடுக்கிற முடிவு என்பதால், எங்கே மாட்டுவது, யார் பார்ப்பது, எப்போது அணைப்பது என்று எதையும் பேசாமலேயே ஆணி அடித்துவிடுகிறார்கள். கருவியில் உள்ள குறைகளைவிட இந்தப் பேசாமைதான் பிறகு அதிகம் படுத்துகிறது.

முதலில் கருவி. பகலில் படம் நல்ல தெளிவு. 64 ஜிபி மெமரி கார்டு போட்டால், படத்தின் தரத்தைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே பதிவு கார்டில் தங்கும். அதற்குப் பிறகு பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். இந்த விலையில் வரும் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டிருந்தால் இணைப்பு பாதியில் நின்றுபோகலாம். இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் கேமரா, ரௌட்டர் இரண்டின் பிளக்கும் இன்வர்ட்டர் லைனில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேமராவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ரௌட்டரை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

இரவில்தான் சிக்கல். கேமரா விடும் அகச்சிவப்பு ஒளி அருகில் எது இருந்தாலும் அதில் பட்டுத் திரும்பிவிடும். கொசுவலை கட்டிய கட்டிலை நோக்கி வைத்தால் வலை மட்டும் வெள்ளையாகத் தெரியும், உள்ளே ஆள் தெரியாது. சாமி படக் கண்ணாடியும் அப்படித்தான். மின்விசிறிக் காற்றில் ஆடும் மாதக் காலண்டர் ஒன்றே போதும், நாள் முழுக்க போனில் 'அசைவு' என்று அலர்ட் வந்துகொண்டிருக்கும். 'மனித அசைவு மட்டும்' என்று மாற்றி வையுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்றில் பவர் பின் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் சரி.

மாட்டும் இடம் ஹாலும் வாசலும் மட்டும். படுக்கையறை வேண்டவே வேண்டாம். ஹாலிலும் குளியலறைக் கதவு படத்தில் விழாத மூலையாகப் பாருங்கள். அந்தக் கதவு தெரிந்தால், குளித்தவர் அறைக்கு வந்து உடுத்தக் கூச்சப்பட்டு ஈரத்தரையிலேயே நின்று புடவை கட்டப் பார்ப்பார். விழுந்தால் தெரியட்டும் என்று வைத்த கேமராவே விழுவதற்கு வழி செய்துவிடும்.

இருபக்கப் பேச்சு வசதியைக் கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்வார்கள். எங்கள் மதிப்பீட்டில் இதுதான் மிக மோசம். வயதாகும்போது முதலில் குறைவது மெல்லிய, கூரிய ஒலிகளைப் பிரித்தறியும் திறன். குட்டி ஸ்பீக்கரில் வருவதோ கீச்சுக்குரல். குரல் கேட்கும், சொல் புரியாது. ஆளில்லாத ஹாலில் திடீரென்று "அம்மா!" என்றால் பதறி எழுவார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முதலில் போன் அடியுங்கள். எடுக்காவிட்டால் மட்டும் கேமராவைத் திறங்கள்.

பார்ப்பவர் பக்கம் வருவோம். ஒருமுறை பார்த்தால் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிதான் கையைப் பழக்குகிறது. பதற்றம் வரும்போதெல்லாம் பார்த்து அதைத் தணித்தால், அடுத்த பதற்றம் இன்னும் சீக்கிரம் வரும். பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவருக்கு நடப்பதும் இதேதான். புதுச்சேரியில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் வீடுகளில் நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் பாரிஸ் நாலரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மகன் திறந்து பார்க்கும்போது இங்கே நள்ளிரவு 1.30, ஹால் இருட்டு. அதில் என்ன நிம்மதி கிடைக்கும்?

இதற்கு ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. அலர்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாசல் கேமராவுக்கு மட்டும் காலை 5.30 முதல் 7 வரை வைத்துவிடுங்கள். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட வந்ததும் ஒரு அலர்ட் வரும். அந்த நாளுக்கு அது போதும். 7 மணிவரை வராவிட்டால் போன் செய்யுங்கள்.

பார்க்கப்படுபவர் பக்கம்தான் யாரும் யோசிக்காதது. 1976-இல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களுக்குத் தங்கள் செடியைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தண்ணீர் ஊற்றவும், படம் பார்க்கும் நாளைத் தாங்களே முடிவு செய்யவும் விட்டார்கள். இன்னொரு மாடியில் செடியும் படமும் உண்டு, ஆனால் எல்லாம் ஊழியர்கள் கையில். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். வித்தியாசம் செடியில் இல்லை, யார் கையில் இருந்தது என்பதில்தான். கேமராவுக்கும் இது பொருந்தும். எலக்ட்ரீஷியன் பரண் மேல் பிளக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அம்மா கை எட்டும் உயரத்தில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்விட்ச் வேண்டும். அதை அவர் அணைத்தால் ஏன் என்று கேட்பதில்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அவருக்கு எதிர்வீட்டு அக்காவிடம் மருமகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும், அதெல்லாம் கணக்கில் உண்டு. வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஒலிப்பதிவை அணைத்தே வையுங்கள். கணவரை இழந்தவர் மாலை போட்ட படத்தின் முன் நின்று "இன்னைக்கு கரண்ட் பில் கட்டிட்டேங்க" என்று பேசுவது நோயில்லை. இறந்தவரோடு உறவு அறுந்துவிடாமல் வேறு வடிவில் தொடர்வதும் துக்கத்தின் இயல்பான போக்குதான் என்று 1990-களிலிருந்தே துக்க ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். துபாயில் இருந்துகொண்டு அதைக் கேட்கும் மகனுக்கு மட்டும் அது 'அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று படும். உண்மையிலேயே பெயர், தேதி, வழி மறக்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் அது வேறு. கேமராவில் உட்கார்ந்து கணித்துக்கொண்டிருக்காமல் கோரிமேடு ஜிப்மர் போல மனநல, நரம்பியல் பிரிவுகள் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வழி தவறி வெளியே போகிறவர்களுக்கு வாசல் கேமரா நிஜமாகவே உதவும்.

பாஸ்வேர்டை எத்தனை பேருக்குக் கொடுப்பது? மருத்துவர்கள் சிலர் 1991-இல் ஒரு கட்டுரையில் 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்று பாதி கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். தூரத்தில் இருந்ததால் வந்த குற்ற உணர்ச்சியை, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்கள் மேல் கோபமாகக் கொட்டுபவர் அவர். நம் பக்கம் அது சிங்கப்பூர் மகன். நெய்வேலியிலிருந்து வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகும் அக்காவுக்கு, "நேத்து நீ வரவே இல்லையே" என்று வாட்ஸ்அப் வந்தால் அவள் அடுத்த வாரமும் வருவாள், ஆனால் மனசு விட்டுப்போயிருக்கும். தினமும் பார்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அந்த ஒருவர் அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது.

புயல் நேரத்தில் இந்தப் பொருள் சுத்தமாகப் பயனில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலுக்குப் பின் கடலூரில் பல இடங்களில் கரண்ட் வரவே நாட்கள் பல ஆயின. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் திரையில் வெறும் 'ஆஃப்லைன்' தான். சாதாரண நாளிலும் கேமரா விழுந்ததைக் காட்டும், தூக்காது. வெளிநாட்டிலிருந்து 108-ஐ நேரடியாக அழைக்க முடியாது, இங்கே இருப்பவர்தான் அழைக்க வேண்டும். எனவே கேமராவோடு மாற்றுச் சாவி ஒன்றும் வெட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் நம்பரைப் போனில் முதலில் வையுங்கள். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தால் சாவியால் பயனில்லை. இரவில் பூட்டு மட்டும் போட்டுத் தாழ்ப்பாளை விட்டுவிட அம்மாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று பொங்கல் ஆகலாம்.