பாதி விலையில் ஏல வீடு என்று கூப்பிடுகிறவர்களிடம் போவதற்கு முன்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற ரோட்டில் மனை விளம்பரங்களுக்கு நடுவே இப்போது இன்னொரு வகை பிளெக்ஸும் கண்ணில் படுகிறது. "வங்கி ஏல வீடுகள் மார்க்கெட் விலையில் பாதிக்கு! ரியல் எஸ்டேட் முதலீடு கற்றுக்கொள்ளுங்கள், முதல் வகுப்பு இலவசம்!" கீழே ஒரு செல் நம்பர். அந்த நம்பருக்குப் போன் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரை நான் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், வக்கீல் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, அடுத்த ஊரில் வேறு பெயரில் போர்டு வைத்துவிடுவார்கள். அவர்கள் வேலை செய்கிற விதம் தெரிந்தால் போதும்.

எனக்கு மண்டபம் பக்கம் போட் இன்ஜின் ஸ்பேர் கடை. தம்பி தோஹாவில் இருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு வாங்கி, ராமேசுவரம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் ராமேசுவரத்துக்கு விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். அவ்வளவுதான், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் புரோக்கர் ஆகிவிட்டார்கள். சென்ட் விலை வாய்க்கு வந்தபடி ஏறியது. அந்த நேரத்தில் பாதி விலை என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா?

ராமநாதபுரத்தில் ஒரு ஹோட்டல் மாடியில் வகுப்பு. ஏசி, காபி, சமோசா. கோட் போட்ட ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். கடன் கட்டாதவர்களின் வீட்டை 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில் வங்கி எப்படி எடுக்கிறது, எப்படி ஏலம் விடுகிறது, ஏன் விலை குறைவாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம். பிறகு "உள் வட்டம்" என்று ஒன்று. 15,000 ரூபாய் கட்டினால் வெளியே யாருக்கும் தெரியாத ஏலப் பட்டியல் வாட்ஸப்பில் வரும்.

அந்தப் பட்டியல் ஊருக்கே தெரிந்த பட்டியல். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் பேங்க்நெட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரிக் கிடக்கின்றன. ஏல அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையிலும் வருகிறது. அந்த அறிவிப்பைத்தான் வெட்டி, மேலும் கீழும் கொஞ்சம் மறைத்து, தன் லோகோவை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன மறைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் காட்டிய வீடு உச்சிப்புளியைத் தாண்டி, கடலுக்குத் திரும்புகிற ரோட்டில். ஒதுக்க விலை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்று வங்கி வைக்கிற விலை, 24 லட்சம். வெளியே 40-க்குக் குறையாது என்றார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "உள்ளே போக வேண்டாம்ணே, பேங்க் சுவாதீனத்துல இருக்கு" என்றார். சரி என்று வெளியிலிருந்தே பார்த்தேன். மாடிச் சிலாப்பின் அடியில் காரை பொரிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. எங்கள் பக்கம் உப்புக் காற்றில் இது சகஜம், பெயின்ட் அடித்தால் நிற்காது, உடைத்துத்தான் பூச வேண்டும். அதைக்கூட நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆனால் கொடியில் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் அளவு, இரண்டு செட். வாசலில் குடிதண்ணீர் வண்டிக்குக் குடங்கள் வரிசையாக இருந்தன. கேட்டேன். "வாட்ச்மேன் குடும்பம்ணே, பேங்க்ல வச்சிருக்காங்க" என்றார். கண் சிமிட்டாமல் சொன்னார்.

ஆலோசனைக் கட்டணம் என்று 75,000 முன்பணமாக வாங்கிக்கொண்டார். ரசீதில் "பயிற்சிக் கட்டணம், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தது. லோன்? "80 சதவீதம் நான் வாங்கித் தர்றேன், மேனேஜர் நம்ம ஆளு." ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை 2,40,000-ஐ வங்கிக் கணக்கில் நானே கட்டினேன். ஏலம் ஆன்லைனில். வேறு யாரும் வரவில்லை. ஒதுக்க விலைக்கு மேல் ஒரே ஒரு படி ஏற்றி, 24,25,000-க்கு வீடு என் பேரில் விழுந்தது. அவர் லட்டு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

அவருடைய உண்மையான வியாபாரம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஏலம் எடுத்தவர் மொத்த விலையில் 25 சதவீதத்தை அன்றே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை அதில் சேரும். மீதி 75 சதவீதத்தை ஏலம் உறுதியான 15-ஆம் நாளுக்குள் கட்டணும். கட்டாவிட்டால் ஏற்கெனவே கட்டியது போச்சு, வீட்டை மறுபடி ஏலம் விடுவார்கள். இது விதி. எழுத்தில் கேட்டு வங்கி ஒப்புக்கொண்டால் தவணையை நீட்டலாம், அதுவும் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வகுப்பில் 25 சதவீதத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். 15 நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீட்டிப்பு கேட்கலாம் என்பதை அவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

25 சதவீதம், அதாவது 6,06,250 கட்டியாயிற்று. மீதி 18 லட்சத்துச் சொச்சத்துக்கு லோன் கேட்டுப் போனால் ஒவ்வொரு வங்கியிலும் ஒரே பதில். மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும், உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள், சுவாதீனம் காகிதத்தில்தான் இருக்கிறது, இதற்கு லோன் தர முடியாது. ஏலம் விட்ட வங்கிக்கே போய்க் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர், அறிவிப்பை எடுத்து முன்னால் வைத்தார். "இங்க போட்டிருக்கோமே சார்." போட்டிருந்தார்கள். வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி, வீட்டை நேரடியாகக் கையில் எடுக்கவில்லை என்று தெளிவாக இருந்தது. சொத்து உள்ளது உள்ளபடி, வில்லங்கம் பாக்கி எல்லாம் வாங்குபவர் பாடு என்றும் இருந்தது. வாட்ஸப்பில் வந்த படத்தில் வெட்டப்பட்டிருந்தது அந்த இரண்டு வரிகள்.

கெடு நெருங்கியபோது நம்மாள் கடைக்கு வந்தார். கூட ஒருவர், வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். "நமக்கு வேண்டியவர்தான்ணே. பணத்தை நாளைக்கே இறக்கிருவார்." மூன்று வட்டி. 18 லட்சத்துக்கு மாதம் 54,000 ரூபாய். போதாததற்கு, பாதுகாப்புக்கு என்று வீட்டை அவர் பேரில் 20 லட்சத்துக்கு விற்பதாக ஒரு கிரய ஒப்பந்தம். ஒரு வருடத்துக்குள் கணக்கு முடியாவிட்டால் வீடு அவருக்கு. பத்திரம் எழுதுகிறவரையும் கையோடு கூட்டிவந்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் சொன்னபடி நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்து, தம்பி அனுப்பியது, வீட்டுக்காரியின் நகை என்று புரட்டிக் கட்டினேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமக்குடிக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதே வெள்ளை வேட்டி, அதே மூன்று வட்டி. இன்னொருவர் பணம் புரளாமல் 25 சதவீதத்தையும் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். இதை வைத்துத்தான் சொல்கிறேன், கட்டணம் 75,000 என்பது சில்லறை. 15-ஆம் நாள் உங்களைக் கையைப் பிசைய வைத்து அந்த வேட்டிக்காரரிடம் ஒப்படைப்பதுதான் தொழிலே. சுவாதீன வரியை மறைத்ததும், லோன் கிடைக்கும் என்றதும் அதற்காகத்தான்.

விற்பனைச் சான்றிதழ் கையில் வந்த பிறகு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்தச் சீருடைப் பிள்ளைகளின் அம்மா. வாட்ச்மேன் குடும்பம் எல்லாம் இல்லை. பழைய உரிமையாளரிடம் நாலு லட்சம் கொடுத்து ஒத்திக்கு இருக்கிறார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது, பதிவு கிடையாது. நம் பக்கம் ஒத்தி என்றால் பாதிப் பேர் இப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். பதிவாகாததால் வில்லங்கச் சான்றில் வராது. அதில் வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு ஒன்றுதான் இருந்தது. "நாங்க இந்த வீடு பேங்க்ல இருக்குன்னே தெரியாமத்தான் வந்தோம்ணே. எங்க நாலு லட்சத்தைக் குடுக்கச் சொல்லுங்க, மறுநாளே சாமானைத் தூக்கிர்றோம்" என்றார் அந்த அம்மா. அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அவர்களிடம் கோபப்பட என்ன இருக்கிறது? பழைய உரிமையாளர் அவர்களுக்கும் ஒரு வரியை மறைத்துத்தான் பணம் வாங்கியிருக்கிறார்.

இப்போது நிலைமை இது. வீட்டை நேரடியாகக் கையில் எடுத்துத் தரச் சொல்லி, சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வங்கி கலெக்டரிடம் மனு போட்டிருக்கிறது. அந்த மனுவை முடிக்கச் சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதி அதிகபட்சம் 60 நாள் என்று இருக்கிறது. நடப்பு வேறு. இதற்கிடையில் பழைய உரிமையாளர், தனக்கு நோட்டீஸே சரியாக வரவில்லை என்று மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டார். அது முடிகிற வரைக்கும் வீடு பேருக்கு என்னுடையது. மின் இணைப்பில் பாக்கி, வீட்டு வரி பாக்கி எல்லாம் என் தலையில்.

ஏலத்தில் வீடு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வங்கி சாவியோடு நின்று விற்கிற வீடுகளும் உண்டு, எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படி வாங்கி நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அந்த மாதிரி வீட்டுக்கு ஏலத்தில் போட்டி இருக்கும், விலையும் ஏறும். பாதி விலைக்குக் கிடைக்கிறது, வேறு யாரும் கேட்க வரவில்லை என்றால், வராதவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு விழுந்த வீட்டுக்கு உள்ளூர் ஆள் ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரரிடம் பிறகு கேட்டேன். "ஒத்திப் பிரச்சனை ஊருக்கே தெரியுமேண்ணே" என்றார்.

அதனால் பார்க்கிறவர்கள் வங்கியின் முழு அறிவிப்பை, முழுசாக, பேங்க்நெட்டிலோ கிளையிலோ வாங்கிப் படியுங்கள். வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டில் போய் "இங்க யார் இருக்கா, வாடகைக்கா ஒத்திக்கா" என்று கேளுங்கள். ஏலத்துக்கு முன்னால் வீட்டை உள்ளே போய்ப் பார்க்க வங்கியே ஒரு நாள் குறிப்பிடும், அன்றைக்குப் போங்கள், புரோக்கரோடு அல்ல. லோன் என்றால், முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன்பே உங்கள் வங்கியிடம் அந்த அறிவிப்பைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் மீதி 75 சதவீதத்துக்கும் கைக்காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

இதே ஆளிடம் இன்னொரு சரக்கும் உண்டு. கடல் பார்த்த மனை, ஹோம்ஸ்டே கட்டலாம் என்று. ஊராட்சிப் பகுதிக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய அலை ஏறி வருகிற எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரைக்கும் புதுக் கட்டடம் கூடாது என்பது 2011 கடலோர அறிவிக்கையிலேயே உண்டு. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. வகுப்பில் இருந்த ஒருவர் வாங்கிவிட்டார். பத்திரம் பதிவாகிவிட்டது, வரைபட அனுமதிக்குப் போனபோதுதான் நின்றது. இப்போது அதில் சீமைக்கருவேலம்தான் வளர்கிறது.

போன வாரம் தொண்டிப் பக்கம் புதுப் பெயரில் வகுப்பு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். கோட் அதே கோட் என்கிறார்கள். இவரிடம் பணம் கட்டி "பயிற்சிக் கட்டணம்" என்று ரசீது வாங்கியவர்கள் அந்த ரசீதையும், வெட்டி அனுப்பிய வாட்ஸப் படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏல அறிவிப்பின் முழுப் பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். காவல்துறைப் புகாரில் நான் அப்படித்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் தனியாக மனு தயாராகிறது. பரமக்குடிக்காரரும் சேர்கிறார். வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவில் பெயர் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.