லேமிங்டன் ரோட்டில் மருமகனுக்கு ஒரு கேமிங் பிசி

2024 டிசம்பரில் மூன்று வாரம் தாராவியில் அக்கா வீட்டில் இருந்தேன். டொராண்டோவிலிருந்து கிளம்பும் முன்பே மருமகன் போனில் சொல்லிவிட்டான், “மாமா, சாக்லேட்டெல்லாம் வேண்டாம், கேமிங் பிசி போடணும், கூட வந்து பார்த்து வாங்கிக் கொடுங்க.” மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, மற்றதுக்கெல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். கிராபிக்ஸ் கார்டை மட்டும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன், ஆனால் இந்தப் பொருள்களுக்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி. இரண்டாம் வருஷம் கார்டு போய்விட்டால் அதைக் கனடாவுக்கு அனுப்பி வாங்குவது நடக்கிற காரியமா? அதனால் எல்லாமே அங்கேயே என்று முடிவு.

மாஹிமில் ஸ்லோ டிரெயின் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கி, கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பதுதான் அதிகாரப்பூர்வப் பெயர், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் நுழைந்த கடையில் இரண்டே நிமிஷத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ரைசன் 5 பிராசஸர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கலர் லைட் போட்ட ஆர்ஜிபி கேபினெட், 54,000 ரூபாய். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு, ஆறாயிரம் மிச்சம் என்று. நான் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒரு மாடல் நம்பர்கூட இல்லை. எந்த ரைசன் 5 என்று கேட்டால் 5500 என்றார்கள். கார்டு எது என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஆர்எக்ஸ் 580 என்று வந்தது. அது 2017இல் வெளியான கார்டு. 8 ஜிபி என்பது பொய்யில்லை, ஆனால் மெமரி எவ்வளவு என்பதை மட்டும் வைத்துக் கார்டின் வேகத்தைச் சொல்ல முடியாது. 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600க்கும் அதே 8 ஜிபிதான், ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு தலைமுறை என்று தெரியும், மின்சாரமும் பழையது 185 வாட் வரை இழுக்கிற இடத்தில் புதியது 132 வாட்டில் முடித்துக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்றதற்கு “நல்ல கம்பெனி சார்” என்று மட்டும் பதில். கேபினெட்டோடு சேர்ந்து வருகிறதாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது, ஏனென்றால் காசு குறைக்கக் கூடாத ஒரே சாமான் அதுதான். மட்டமான எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். கடைசியில், கச்சா பில்லா (வெறும் துண்டுச் சீட்டு), பக்கா பில்லா (வரி போட்ட முறையான பில்) என்று வேறு கேட்டார்கள். பில் வேண்டாமென்றால் 18% ஜிஎஸ்டி மிச்சமாகும் என்பது பேச்சு, ஆனால் பக்கா பில் இல்லாமல் நாளைக்கு வாரண்டிக்கு எதைக் காட்டுவது? எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த கடைக்காரர் பெரியவர், முதலில் “என்ன விளையாடுவ?” என்று பையனிடம் ஹிந்தியில் விசாரித்தார். வாலரன்ட், ஜிடிஏ 5, அப்புறம் வீடியோ எடிட்டிங் என்றான். வாலரன்ட் மட்டும் என்றால் இவ்வளவு செலவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டேஷன் அடித்தார், ஒவ்வொரு வரியிலும் கம்பெனி, மாடல், வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு. அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேறு கடையில் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும் அல்லவா.

ரைசன் 5 5600 எடுத்தோம். 5500க்கும் 6 கோர்தான், ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 16 எம்பி, 5600இல் 32. கேமுக்கு அது நன்றாகவே உதவும். இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600, ஃபைல்களை வைக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தனியாக வாங்கிய 550 வாட் ‘பிரான்ஸ்’ (வெண்கல) தரச் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ். அடுத்த தலைமுறை ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ராமும் எடுத்திருந்தால் பின்னாளில் மாற்ற வசதி, ஆனால் அந்தப் பணத்துக்குக் கார்டில் கைவைக்க வேண்டிவரும், அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராம் ஒரே 16 ஜிபி குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன், இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில் (இரண்டு பாதையில்) ஓடினால்தான் முழுப் பலன். கேபினெட்டில் மட்டும் சண்டை. பையனுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும். மே மாத மும்பையில் காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று பெரியவர் கேட்டதும் அடங்கி, வலை வைத்ததை எடுத்துக்கொண்டான்.

மொத்தம் 57,000 சொச்சம், பக்கா பில்லோடு. பேங்க் கார்டு தேய்த்தால் 2% கூடுதல் என்றார்கள், அக்காவின் ஜிபேயில் அனுப்பினோம். இரண்டு மணி நேரம் கண் முன்னாலேயே சீல் உடைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். ஒரு குறை உண்டு: வீட்டில் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 3200 வேகத்தில் ஓட வேண்டிய ராம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) ராமை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமலே கொடுத்துவிட்டார்கள். போன் செய்ததும் கடைப் பையன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான், ஐந்து நிமிஷத்தில் சரியாயிற்று. மானிட்டரும் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறுவது) இருக்க 60இல் நின்றது, அது விண்டோஸ் செட்டிங்கில் நாமே மாற்றுவது.

ராத்திரி ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்தோம். அக்கா காலிப் பெட்டிகளைக் குப்பையில் போடக் கிளம்பினாள். “அக்கா, மூணு வருஷம் வாரண்டி இருக்கு, தூக்கிப் போட்டுடாத” என்றேன். இருக்கிற இடத்தில் இதை எங்கே வைக்க என்று சொல்லிக்கொண்டே, பரண்மேல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.